ஜெர்மனியின் ரயில்வே விளையாட்டுச் சங்கங்கள்: கட்டியது நிர்வாகமா, தொழிலாளியா?

#1 தண்டவாளன் எழுதியது:

பவேரியாவில் ஒரு நடுத்தர ஊரில் குடியிருக்கிறேன். மகள் ஹேண்ட்பால் பழகும் சங்கத்தின் பெயருக்கு முன்னால் ஈ.எஸ்.வி. என்று இருக்கிறது. ரயில்வேக்காரர்களின் விளையாட்டுச் சங்கம் என்று பொருளாம். மைதானத்தின் ஒரு பக்கம் சரக்கு யார்டு. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய் வேகன்கள் மணிக்கணக்கில் நிற்கின்றன. இந்தப் பக்கம் சிறுமிகள் பந்தெறிகிறார்கள். சங்கக் கட்டிடத்தின் நெற்றியில் சிறகு முளைத்த ஒரு சக்கரம், வண்ணம் உரிந்து கிடக்கிறது.

பயிற்சியாளர் பல் மருத்துவர். பொருளாளர் கணினி வேலை பார்க்கிறார். ரயில்வே ஊழியர் என்று ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. "எல்லாம் இருபதுகளில் தொடங்கியது" என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவும் இல்லை. இந்தச் சங்கங்களை யார் கட்டினார்கள்? நிர்வாகம் கொடுத்த சலுகையா, தொழிலாளர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 பழைய கார்டு எழுதியது:

தம்பி, வேலிக்கு அந்தப் பக்கம் யார்டு இருக்கிறது என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. எந்த நாட்டு ரயில்வேயை எடுத்துக்கொண்டாலும் அதனிடம் உபரியாக இருப்பது நிலம்தான். இரண்டு பாதைகள் பிரியும் இடத்தில் முக்கோணமாக ஒரு துண்டு மிஞ்சும்; பட்டறையை விரிவாக்கலாம் என்று வாங்கிப் போட்ட காடு அப்படியே கிடக்கும். வீடு கட்ட ஆகாது, விற்கவும் மனம் வராது. ஜெர்மனியில் அப்படிப்பட்ட துண்டுகளில் ஊழியர்களுக்குக் காய்கறித் தோட்டம் போட்டுக்கொடுத்தார்கள். இன்றும் ரயிலில் போனால் பாதை ஓரமாக வரிசையாகச் சின்னஞ்சிறு தோட்டங்களும் மரக்குடிசைகளும் தெரியும். கொஞ்சம் பெரிய துண்டு கிடைத்த இடத்தில் கோல் கம்பம் நட்டார்கள்.

விளையாட்டுச் சங்கத்தைத் தனியாக எடுத்துப் பார்க்கக் கூடாது. ரயில்வேக்காரர்களுக்கென்றே 1886-ல் தொடங்கிய காப்பீட்டுச் சங்கம்தான் இன்றைய டி.ஈ.ஃபௌ.கா. 1896-ல் கார்ல்ஸ்ரூவேயில் ரயில்வே ஊழியர்கள் தொடங்கிய சேமிப்பு, கடன் சங்கத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்று ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஸ்பார்டா வங்கி. பணியில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்காக 1902-ல் ஓர் அமைப்பு. தொட்டில் முதல் சுடுகாடு வரை ஒரு ரயில்வேக்காரன் வேறு யார் வாசலுக்கும் போகாமல் காலத்தை ஓட்டிவிடலாம். விளையாட்டு அந்த வரிசையில் பிந்தி வந்தது, அவ்வளவுதான்.

#3 சிவப்புத்துண்டு எழுதியது:

கார்டு ஐயா சொல்வது உண்மை. ஆனால் ஏன் குறிப்பாக இருபதுகளில் என்பதை அவர் சொல்லவில்லை. அங்கேதான் கதை இருக்கிறது.

1922 பிப்ரவரியில் ஜெர்மன் ரயில்வே ஊழியர்கள் பெரிய வேலைநிறுத்தம் ஒன்றை நடத்தினார்கள். அரசு ஊழியர்களே வேலையை நிறுத்தினார்கள் என்பது அந்த நாட்டுக்குப் பேரதிர்ச்சி. அடுத்து 1923–24-ல் ஆட்குறைப்பு. சுமார் 10 லட்சமாக இருந்த ஊழியர் எண்ணிக்கை 7 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. 1924-ல் டாஸ் திட்டத்தின்படி ரயில்வே ஒரு தனி நிறுவனமாக்கப்பட்டு, போர் இழப்பீட்டுக்கு அதன் வருமானமே அடமானமானது. 1926-ல் யூலியுஸ் டோர்ப்முல்லர் அதன் தலைமை இயக்குநர். மிஞ்சிய ஊழியர்களிடம் கூடுதல் வேலை வாங்க வேண்டும், அவர்கள் மனமும் கசந்துபோகக் கூடாது. ரயில்வே உடற்பயிற்சி, விளையாட்டுச் சங்கங்கள் ஊருக்கு ஊர் முளைத்தது இந்த 1926, 27, 28 ஆண்டுகளில்தான். ரேகன்ஸ்பர்க் ஈ.எஸ்.வி. தன் பெயரிலேயே 1927 என்ற ஆண்டை வைத்திருக்கிறது.

அதே காலத்தில் தொழிலாளர்களுக்கென்று சொந்தமான விளையாட்டு இயக்கம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. தொழிலாளர் உடற்பயிற்சி, விளையாட்டு ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உறுப்பினர்கள். 1925-ல் பிராங்க்பர்ட்டில் தொழிலாளர் ஒலிம்பிக்கே நடத்திக் காட்டினார்கள். நிறுவனங்கள் நடத்தும் சங்கங்களை அவர்கள் 'மஞ்சள்' என்று இகழ்ந்தார்கள். முதலாளி வாங்கிக் கொடுத்த பந்தை உதைத்துக்கொண்டு அவனை எதிர்த்து எப்படிக் கொடி பிடிப்பாய் என்பது அவர்கள் கேள்வி. எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே படுகிறது.

#4 இங்கோல்ஸ்டாட் மாறன் எழுதியது:

சிவப்புத்துண்டு தோழரே, நீங்கள் சொல்வதெல்லாம் மேலிருந்து பார்த்த காட்சி. கீழிருந்து ஒரு சங்கத்தைக் காட்டுகிறேன்.

இங்கோல்ஸ்டாட்டில் டான்யூப் ஆற்றுக்குத் தெற்கே, தலைமை ரயில் நிலையத்தை ஒட்டி ரிங்ஸே என்று ஒரு பகுதி. ரயில்வேப் பட்டறைக்காரர்கள் வாழ்ந்த பக்கம். 1919-ல், போர் முடிந்த கையோடு, அங்கே விக்டோரியா என்று ஒரு கால்பந்து சங்கம் தொடங்கியது. ரயில்வே என்ற பேச்சே அதன் பெயரில் இல்லை. பின்னால்தான் ரயில்வேயின் குடைக்குள் போய், ஈ.எஸ்.வி. இங்கோல்ஸ்டாட் ஆனது. பையன்கள் முதலில் விளையாடினார்கள். நிர்வாகம் பிறகு வந்தது. நிர்வாகம் கொண்டுவந்தது என்ன? நிலம், சலுகை வாடகை, பயணத்துக்குப் பாஸ். இருபதுகளில் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் செலவை நினைத்துப் பாருங்கள். மற்ற சங்கத்துக்காரன் உண்டியல் குலுக்கிக்கொண்டிருந்த காலத்தில் இவன் சட்டைப்பையில் பாஸ் இருந்தது.

ஊரின் மேட்டுக்குடி சங்கம் எம்.டி.வி. அது 1881-லேயே தொடங்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எம்.டி.வி., இந்தப் பக்கம் ரயில்வே. 1979–80 பருவத்தில் இரண்டு சங்கங்களும் ஒரே நேரத்தில் இரண்டாம் புண்டஸ்லிகாவின் (ஜெர்மன் கால்பந்தின் இரண்டாம் நிலை லீக்) தெற்குப் பிரிவில் ஆடின. ஒரே ஊர், ஒரே லிகா, நகரத்தின் பாதி இன்னொரு பாதியோடு பேசவில்லை என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். 1981-ல் வடக்கையும் தெற்கையும் சேர்த்து ஒரே இரண்டாம் லிகாவாகச் சுருக்கியபோது ரயில்வே அணிக்கு இடம் கிடைக்கவில்லை. அதன் பிறகு இறங்குமுகம்தான்.

2004-ல் இரண்டு சங்கங்களின் கால்பந்துப் பிரிவுகளும் சேர்ந்து எஃப்.சி. இங்கோல்ஸ்டாட் 04 பிறந்தது. 2015-ல் அது முதல் புண்டஸ்லிகாவுக்கே ஏறியது. இப்போது அதன் மைதானத்துக்கு ஆவ்டி கார் நிறுவனத்தின் பெயர். அதற்கு முன், புது அணி ஆடியது பழைய ரயில்வே மைதானத்தில்தான். அந்த மைதானத்துக்குக் கடைசிக் காலத்தில் என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? துயா. தற்காலிகப் பணியாளர்களை வாடகைக்கு அனுப்பும் நிறுவனம். ஆயுள் முழுக்க நிரந்தர வேலை என்று நிமிர்ந்து நடந்த பட்டறைக்காரர்களின் மைதானத்துக்கு இந்தப் பெயர். விதியின் நக்கலை இதைவிட நன்றாக யாரும் எழுதிவிட முடியாது.

#5 சிவப்புத்துண்டு எழுதியது:

மாறன், அருமையான பதிவு. ஆனால் உங்கள் கதையே என் கட்சியை வலுப்படுத்துகிறது. பையன்கள் தொடங்கியதை நிர்வாகம் குடை விரித்து உள்ளே இழுத்துக்கொண்டது. அதன் பிறகு பெயரும் நிறமும் நிர்வாகத்துடையவை.

#6 இங்கோல்ஸ்டாட் மாறன் எழுதியது:

பெயர் நிர்வாகத்துடையது, சரி. ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டியவன் யார்? கோடு போட்டவன், சட்டை துவைத்தவன், ஆட்டம் முடிந்து பீர் ஊற்றியவன் யார்? மாலை நேரத்தில் கட்டடம் எழுப்பியவர்களும் அவர்களே. மேஸ்திரி, தச்சர், பற்றவைப்பவர் எல்லாரும் பட்டறையிலேயே இருந்தார்கள். இதையெல்லாம் சலுகை என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிடாதீர்கள்.

#7 கணக்கன் எழுதியது:

இருவரும் ஒன்றை லாகவமாகத் தாண்டிவிட்டீர்கள். 1933.

இந்தச் சங்கங்கள் பலவற்றின் ஆண்டுவிழா மலர்களை நான் புரட்டியிருக்கிறேன். 1928-ல் திறந்த நீச்சல் பகுதிக்கு மூன்று பக்கம், 1950-ல் வாங்கிய கொடிக்கு ஒரு பக்கம். 1933 முதல் 1945 வரைக்கு இரண்டு வரி: "கடினமான காலம். பல உறுப்பினர்கள் போரிலிருந்து திரும்பவில்லை." இவ்வளவுதான்.

நடந்தது என்ன? 1933-ல் சிவப்புத்துண்டு சொன்ன தொழிலாளர் விளையாட்டு ஒன்றியம் தடை செய்யப்பட்டு, அதன் சொத்துகள் பறிக்கப்பட்டன. மைதானம், கூடம், படகுத்துறை எல்லாம் கைமாறின. யூத உறுப்பினர்கள் ஜெர்மன் விளையாட்டுச் சங்கங்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ரயில்வேச் சங்கங்களோ கலைக்கப்படவில்லை. அரசு நிறுவனத்தின் சங்கங்களாகத் தொடர்ந்தன. 1937-ல் ரயில்வே மீண்டும் நேரடியாக அரசின் கைக்கு வந்தது. டோர்ப்முல்லரே போக்குவரத்து அமைச்சரும் ஆனார். பிறகு அதே ரயில்வே யூதர்களையும் ரோமாக்களையும் சாவு முகாம்களுக்கு ஏற்றிச் சென்றது. அந்த வண்டிகளுக்கு அட்டவணை போட்டவர், சிக்னல் கொடுத்தவர், எஞ்சின் ஓட்டியவர் எல்லாரும் மாலையில் எங்கேயோ போய் விளையாடியவர்கள்தானே? பெர்லின் குரூனவால்டு நிலையத்தின் 17-ஆம் பாதையில் ஜெர்மன் ரயில்வே நினைவுச்சின்னம் எழுப்பியதே 1998-ல். நிறுவனத்துக்கே அவ்வளவு காலம் பிடித்தபோது ஊர்ச் சங்கங்களின் மலர்களைக் கேட்கவே வேண்டாம்.

தண்டவாளன், உங்கள் சங்கத்தில் யாராவது வரலாறு எழுதப் புறப்பட்டால் முதலில் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் கூட்டக் குறிப்பேடு எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள்.

#8 தண்டவாளன் எழுதியது:

கணக்கன் ஐயா, படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. 1945-க்குப் பிறகு இவை எப்படி மறுபடி எழுந்தன? அமெரிக்கர்கள் தடை செய்யவில்லையா?

#9 கணக்கன் எழுதியது:

செய்தார்கள்; நான்கு வல்லரசுகளும் சேர்ந்தே செய்தன. 1945 டிசம்பர் 17 அன்று நேச நாடுகளின் கட்டுப்பாட்டு மன்றம் பிறப்பித்த 23-ஆம் உத்தரவு, ஜெர்மனி சரணடைவதற்கு முன்பிருந்த விளையாட்டு அமைப்புகள் எல்லாவற்றையும் கலைக்கச் சொன்னது. உள்ளூர் அளவில், படை வாடை இல்லாமல், அனுமதி பெற்றுப் புதிதாகத் தொடங்கலாம். மேற்கு மண்டலங்களில் பழைய ஆட்களே புதுப் பெயரில் பதிவு செய்துகொண்டார்கள். ஈ.எஸ்.வி. என்ற எழுத்துகள் பரவலானது அப்போதுதான். 1949-ல் மேற்கில் ரயில்வே புண்டஸ்பான் ஆயிற்று. பழைய அரசின் வாசனை வீசும் ரைக்ஸ்பான் என்ற பெயரைக் கம்யூனிஸ்ட் கிழக்கு வைத்துக்கொண்டது. பெர்லினில் ரயில் ஓட்டும் உரிமை அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்ததே காரணம். கிழக்கைப் பற்றி நிலா எழுதினால் நன்றாக இருக்கும்.

#10 லைப்சிக் நிலா எழுதியது:

கூப்பிட்டுவிட்டீர்கள், நீளமாகத்தான் எழுதுவேன்.

கிழக்கில் பழைய சங்க முறையையே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஆலையும் ஒரு விளையாட்டுக் குழுவைச் சுமக்க வேண்டும். குழுவின் பெயர் தொழிலைச் சொல்ல வேண்டும். உருக்காலை என்றால் ஷ்டால், சுரங்கம் என்றால் அக்டிவிஸ்ட், அச்சகம், பத்திரிகை என்றால் ரொட்டேஷன், மின்சாரம் என்றால் டர்பைன், விவசாயம் என்றால் டிராக்டர். ரயில்வேக்கு லோகோமோட்டிவ். ஊர் ஊராக லோகோமோட்டிவ் ஹால்பர்ஸ்டாட், லோகோமோட்டிவ் காட்பஸ் என்று போகும். மக்கள் வாயில் அது வெறும் 'லோக்'.

எனக்குப் பிடித்தது ஸ்டெண்டால். சிறிய ஊர், பெரிய ரயில்வேப் பட்டறை. 1950 வாக்கில் கொஞ்ச காலம் அந்த அணியின் பெயர் 'ஹான்ஸ் வென்ட்லர் ஸ்டெண்டால்'. வென்ட்லர் ஆட்டக்காரரும் அல்ல, அரசியல்வாதியும் அல்ல. ரயில் எஞ்சின் பொறியாளர். கிழக்கு ஜெர்மனியில் நல்ல கட்டி நிலக்கரி கிடையாது, பழுப்பு நிலக்கரிதான் ஏராளம். அதைப் பொடியாக்கிக் காற்றோடு அடுப்புக்குள் ஊதி எரிக்கும் முறையை அவர் எஞ்சின்களுக்குக் கொண்டுவந்தார். கரி அள்ளிப் போட்டு முதுகு ஒடிந்த ஃபயர்மேன் அவரை வாழ்த்தியிருப்பான். ஓர் எரிப்பு முறையைக் கண்டவர் பெயரில் முதல் நிலை கால்பந்து அணி ஆடியது எனக்குத் தெரிந்து வேறு எங்கும் இல்லை. பிறகு லோக் ஸ்டெண்டால் ஆகி, அறுபதுகளின் இறுதிவரை விட்டுவிட்டு கிழக்கின் முதல் நிலை லீக்கான ஓபர்லிகாவில் ஆடியது. சுவர் விழுந்த பிறகு மூன்றாம் நிலைக்கு வந்திருந்த அதே ஸ்டெண்டால் 1995–96 ஜெர்மன் கோப்பையில் காலிறுதிவரை போய், லெவர்குசனிடம் பெனால்டியில்தான் தோற்றது.

இந்தக் குழுக்களில் கால்பந்து ஒரு பகுதிதான். மேசைப் பந்து, சதுரங்கம், மலையேற்றம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கேகல். ஒன்பது கட்டைப் பந்து என்று சொல்லலாம். சங்கக் கட்டிடத்தின் நிலவறையில் 19.5 மீட்டர் ஓடுபாதை, விரல் துளை இல்லாத வழுவழுப்பான பந்து, கோடியில் வைர வடிவில் ஒன்பது கட்டைகள். அந்தக் காலத்தில் விழுந்த கட்டைகளை நிமிர்த்த ஒரு பையன் குந்தியிருப்பான். கட்டை பறந்து முழங்காலில் அடித்தால் அவனுக்கு ஒரு எலுமிச்சைச் சோடா கூடுதலாகக் கிடைக்கும். மழையானாலும் பனியானாலும் ஆடலாம், நான்கு பேர் இருந்தால் போதும். இரவுப் பணி முடிந்து காலை ஏழு மணிக்கு வெளியே வருபவனோடு கால்பந்து ஆடப் பதினொரு பேரை எங்கே தேடுவது? ஷிப்ட் வேலைக்காரனின் விளையாட்டு இதுதான். கிழக்கு மேற்கு வித்தியாசம் இல்லாமல் ரயில்வேச் சங்கங்களில் கேகல் வேரூன்றியதற்கு இதுவே காரணம் என்பேன்.

#11 பழைய கார்டு எழுதியது:

நிலா அம்மா, ஷிப்ட் பற்றி எழுதியது நூற்றுக்கு நூறு. வண்டியோடு போய் வேறு ஊரில் ஓய்வறையில் படுத்துக் கிடப்பவனுக்கு சனி, ஞாயிறு ஏது? ஊர் சங்கம் சனிக்கிழமை ஆட்டம் வைத்தால் அவன் பாதிக்கு மேல் வரமாட்டான். தங்கள் பணி அட்டவணைக்கு ஏற்றபடி ஆட ரயில்வேக்காரர்களுக்குத் தனிச் சங்கம் தேவைப்பட்டது. இதில் சதியும் இல்லை, சலுகையும் இல்லை.

இதே காரணம் எல்லா நாட்டுக்கும் பொருந்தும். 1947-ல் ரயில்வேக்காரர்களின் சர்வதேச விளையாட்டு ஒன்றியம், யூ.எஸ்.ஐ.சி., தொடங்கப்பட்டது. போரில் ஒருவர் பாதையை மற்றவர் வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டிருந்த நாடுகளின் ரயில்வேக்காரர்கள் பின்னால் அதன் போட்டிகளில் எதிரெதிரே ஓடினார்கள். நம் இந்திய ரயில்வேயும் அதில் உறுப்பினர். நம் ரயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியம் தொடங்கியது 1928, ஜெர்மானியர்கள் மும்முரமாகச் சங்கம் வைத்த அதே சமயம். ஆனால் நம்முடையது திறமைசாலிக்கு வேலை கொடுத்து நாட்டுக்கு ஆட வைக்கும் வழி. அவர்களுடையது வேலையில் இருக்கிற சாதாரண ஆளை மாலையில் ஆட வைக்கும் வழி.

#12 சிவப்புத்துண்டு எழுதியது:

கிழக்கில் அப்படி இல்லையே ஐயா. மேல் நிலையில் ஆடியவன் காகிதத்தில் ஃபிட்டர், நிஜத்தில் நாள் முழுக்கப் பந்து. இதில் நிலாவின் லைப்சிக் 'லோக்' எப்படி ரயில்வேச் சங்கம் ஆகும்? ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் ஸ்பேனரைத் தொட்டிருப்பார்கள்?

#13 லைப்சிக் நிலா எழுதியது:

வந்துவிட்டீர்களா வம்புக்கு! சரி, கேளுங்கள்.

1903-ல் முதல் ஜெர்மன் சாம்பியன் ஆன வி.எஃப்.பி. லைப்சிக் வழிவந்தது இது, பிராகின் டி.எஃப்.சி. அணியை 7–2 என்று வென்றார்கள். அப்போது ரயில்வே சம்பந்தம் துளியும் இல்லை. 1966 ஜனவரியில் 1. எஃப்.சி. லோகோமோட்டிவ் என்று பெயர் வைத்தபோது ரயில்வே அதன் புரவலர். பட்டறைக்காரர்கள் உருவாக்கிய அணி அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மைதானத்துக்கு வந்தவர்கள் யார்? 1987-ல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையில் பிரான்சின் போர்தோவோடு அரையிறுதி, லைப்சிக் மத்திய மைதானம், பெனால்டி ஷூட் அவுட். கடைசிப் பந்தை உதைக்கக் கோல்கீப்பர் ரெனே முல்லரே நடந்து வந்தார், வலைக்குள் அனுப்பினார். ஏதென்ஸ் இறுதிப் போட்டியில் அயாக்ஸின் வான் பாஸ்டன் ஒரே கோலில் எங்கள் கனவை முடித்தார், அது வேறு.

ஒன்றாக இணைந்த ஜெர்மனியில் பழைய பெயருக்குத் திரும்பி, 1993–94-ல் ஒரே ஒரு பருவம் புண்டஸ்லிகா, பிறகு கடன், பிறகு திவால். ரசிகர்கள் மறுபடி 'லோக்' என்ற பெயரிலேயே புதுச் சங்கம் பதிந்து கடைசிப் படியிலிருந்து தொடங்கினார்கள். 2004 அக்டோபரில் குரோஸ்டொய்பன் என்ற ஊரின் இரண்டாவது அணியோடு ஆட்டம். அதற்கு வந்த கூட்டம் 12,421. தெருமுனை அணிகள் ஆடும் நிலை அது! சாம்பியன் பட்டத்தின் பெயர் கையில் இருந்தும் ரயில் பெயரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

#14 சிவப்புத்துண்டு எழுதியது:

உணர்ச்சி புரிகிறது. கேள்விக்கு விடை வரவில்லை.

#15 இங்கோல்ஸ்டாட் மாறன் எழுதியது:

இடையில் ஒரு நடைமுறை விஷயம், தண்டவாளனுக்கு. ஈ.எஸ்.வி. என்ற எழுத்துகளைக் கண்டாலே ரயில்வே என்று முடிவு கட்டாதீர்கள். கவுஃப்போயரனின் ஈ.எஸ்.வி. ஐஸ் ஹாக்கிச் சங்கம். அங்கே ஈ என்பது பனிக்கட்டி. சிறகுச் சக்கரம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று. ரயில்வேக்காரர்கள் ஏன் காணோம் என்று கேட்டீர்கள். 1994 ஜனவரி 1 அன்று கிழக்கு, மேற்கு ரயில்வே இரண்டும் சேர்ந்து டாய்ச்ச பான் என்ற பங்கு நிறுவனம் ஆயின. ஆள் குறைந்தது, பட்டறைகள் மூடப்பட்டன. முனிக்கில் ஃப்ரைமன் பட்டறையின் பழைய கூடங்களில் ஒன்றில் இன்று இசை நிகழ்ச்சி நடக்கிறது. நோயாபிங் பட்டறை 2001-ல் மூடியது. அதன் பெயர் தாங்கிய சங்கம் இன்னும் ஆடுகிறது. பழைய நிலங்களைக் காசாக்க 2002-ல் அவுரேலிஸ் என்று தனி நிறுவனமே தொடங்கினார்கள். ஊர் நடுவில் புல்வெளி வைத்திருக்கும் சங்கங்களுக்கு அன்று முதல் வயிற்றில் புளிதான். உங்கள் சங்கத்தின் குத்தகை யாரிடம், எந்த ஆண்டு வரை என்று பொருளாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

#16 தண்டவாளன் எழுதியது:

கேட்டேன். குத்தகை இன்னும் ரயில்வே பெயரில்தான் இருக்கிறதாம். அடுத்த பொதுக்குழுவில் அதுதான் முதல் விவாதம் என்றார். கூட்டக் குறிப்பேடு பற்றியும் கேட்டேன். நிலவறை அலமாரியில் பெட்டிகள் இருக்கின்றன, சாவி முன்னாள் தலைவர் வீட்டில் என்றார்.

#17 கணக்கன் எழுதியது:

சாவி கிடைத்ததும் முதலில் பக்க எண்களைப் பாருங்கள். கிழித்த பக்கங்கள் எண்ணில்தான் தெரியும்.

#18 கெமீ ரசிகன் எழுதியது:

தாமதமாக வருகிறேன். நிலா அக்கா லோக் புராணம் பாடிவிட்டுப் போய்விட்டார். 1957-ல் கிழக்கு ஜெர்மன் கோப்பையை வென்ற எஸ்.சி. லோகோமோட்டிவ் லைப்சிக்கை ஏன் விட்டுவிட்டார்? ஏனென்றால் அது அவர் 'லோக்' அல்ல! 1954-ல் வேதியியல் ஆலைக்காரர்களான எங்கள் கெமீ அணியின் ஆட்டக்காரர்களை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்து உண்டாக்கியது. அவர் 'லோக்'கின் முன்னோர் அப்போது அச்சகத்தாரின் ரொட்டேஷனில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1963-ல் இரண்டையும் கலைத்து, தேறினவர்கள் என்று நினைத்தவர்களை ஒரு பக்கம் வைத்து, மிச்சத்தை மறுபடி கெமீ என்று தள்ளினார்கள். அந்த மிச்சம் 1964-ல் சாம்பியன் ஆனது. ஆக, லைப்சிக்கின் முதல் ரயில் அணி எங்களுடையது.

#19 லைப்சிக் நிலா எழுதியது:

வாருங்கள் தம்பி. வேதியியல் ஆலைக்காரர்கள் ரயில் கோப்பையை உரிமை கொண்டாடுகிறார்கள், ரயில்காரர்கள் அச்சகத்தாரின் பிள்ளைகள். சிவப்புத்துண்டு அண்ணா, உங்கள் கேள்விக்கு விடை இவரிடம் கேளுங்கள். எனக்கு நாளை ஆட்டம் இருக்கிறது.